பத்தாவது கூற்று

11 பிப்ரவரி 1975
மழை. அந்தச் சுருள் விண்மீன் திரளை மூன்றாம் முறையாகக் கணக்கிட்டேன். மையத்தை விட்டு விலக விலக வாயுவின் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் எடை இந்த வேகத்தைப் பிடித்துவைக்கப் போதாது. தெரியாத எடை ஒன்று இருக்கிறது. தெரிவதைவிடப் பல மடங்கு.

சீட்சேயிடம் காட்டினேன். அவனுடைய ஆய்வேட்டுக்குத்தான் மூன்று வருடமாகக் கணக்குப் போடுகிறேன்.

"ஹில்லி மேடம், இன்னிக்குக் காபி குடிக்கலையா? ஓரத்துப் புள்ளியெல்லாம் கருவிக் கோளாறு. வெட்டிடுங்க."

வெட்டவில்லை.

27 பிப்ரவரி
நான்காவது திரள். வேக வரைபடத்தில் இறங்காத அதே தட்டைக் கோடு. மேடே இல்லாத நெதர்லாந்தில் வரைந்த கோடு வேறு எப்படி இருக்கும்?

20 மார்ச்
சீட்சே இப்போது "என் தட்டைக் கோடு" என்கிறான். தெரியாத எடைக்குக் கரும்பொருள் என்று பெயர். கருப்பு அல்ல அது. பார்க்காதவர்கள் வைத்த பெயர்.

இதைப் பற்றி அவர்கள் வெளியிடும் கட்டுரையில் என் பெயரும் வருமா என்று பேராசிரியர் டைக்ஹௌஸிடம் கேட்டேன்.

"உங்களை மறப்போமாம்மா? நன்றியுரை இருக்கே."

"அதை யார் சார் படிப்பாங்க?"

"நீங்க படிப்பீங்களே!"

6 மே
படித்தேன். 'கணக்கீட்டில் உதவிய துறைக்கு நன்றி.' நான்தான் துறை என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

18 செப்டம்பர்
பட்டத்துக்கான வாதத்தில் முன்வைக்கும் கூற்றுகளைத் தனித் தாளில் அச்சிட்டு ஆய்வேட்டில் செருகுவார்கள். அந்தக் கூற்றுத் தாளைச் சீட்சே என்னிடமே தட்டச்சுக்குக் கொடுத்தான். பத்துக் கூற்று, கடைசியது சிரிப்புக்கு, அதுதான் வழக்கம்.

'10. பேரண்டத்தைக் கட்டிக்காப்பது கரும்பொருள். நம் துறையைக் கட்டிக்காப்பது திருமதி டெர்ப்ஸ்ட்ராவின் காபி.'

"கோவிச்சுக்காதீங்க, பாசத்துல எழுதினது."

பாசமா? பாசமாடா இது? உன் கணக்கைப் போட்டே என் கண்ணு போச்சேடா —

என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தித் தட்டச்சு செய்தேன்.

3 அக்டோபர்
சீட்சேயின் ஆய்வேட்டு வாதம், ஊரறிய. பத்தாவது கூற்றுக்கு அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளியூர்த் தேர்வாளர் சிரிக்கவில்லை. "ஓரத்துப் புள்ளிகள் கோளாறு இல்லைன்னு எப்படி முடிவுக்கு வந்தீங்க?"

சீட்சே ஆய்வேட்டைப் புரட்டினான். மூன்றாம் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தான். தேர்வாளரும் அவன் பார்வையைத் தொடர்ந்து திரும்பினார். நான் எழப் பார்த்தேன். சத்தியமாக, எழப் பார்த்தேன்.

வாத நேரத்தைக் கணக்கு வைக்கும் பல்கலைக்கழகக் கோல்காரர் உள்ளே வந்து கோலால் தரையில் தட்டினார். "நேரம் முடிந்தது!"

அதற்குமேல் ஒரு சொல் பேசக்கூடாது. அதுவும் வழக்கம். முதல் தரத்தில் பட்டம்.

10 நவம்பர்
நூலகத்தில் அவன் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். என் பெயர் அச்சேறிய ஒரே இடம் அந்தக் கூற்றுத் தாள். அதைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைப்பதில்லை.

எங்கோ விழுந்துவிட்டிருக்கிறது.