கை ராசியும் ஒரு பியானோவும்

அத்தை,

விடுதி அறையைக் காலி செய்யும்போது பெட்டியின் அடியில் அது கிடைத்தது. கறுப்பு பிளக். இரண்டு உருண்டைக் கம்பிகள், நடுவில் ஒரு துளை, பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டிய ஒயர். நம் ஊர்ச் சுவரில் எதிலும் சரியாக உட்காராத பொருள். "பன்னி மூக்கு மாதிரி இருக்கு, நீ வச்சுக்க" என்று சொல்லி என் மடியில் தூக்கிப் போட்டீர்கள்.

எதிர் அறைப் பெண் எட்டிப் பார்த்து, "இது எதுக்குப்பா ஆகும்?" என்றாள்.

"எதுக்கும் ஆகாது" என்றேன். மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். பிறகு மெத்தை சுருட்டிய கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.

நீங்கள் போய் ஒன்றரை வருடம். இருந்தபோது வாரம் ஒரு கார்டு போட்டேன். பெரும்பாலும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி. எழுத வேண்டியதை எழுதவில்லை.

அந்த பிளக்கோடு வந்தது மின்சாரப் பியானோ. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டின் மூத்த மகன், பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், நம் மாதா கோயிலுக்கென்று கொண்டுவந்தார். நாலு பேர் தூக்கினார்கள். பிரித்துவைத்ததும் எல்லோரும் துருத்தியைத் தேடினார்கள். கோயில் உபதேசியார் குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். "காத்து எங்கேருந்து வரும்? உள்ள ஒண்ணுமே இல்லையே!"

உங்களுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. பகலில் நகராட்சியில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழாவும் கோயிலில் கால் ஆர்மோனியம். இருபத்திரண்டு வருடம். இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்து உள்ளே காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கை. மிதிக்காமல் தொட்டால் வெறும் மரம். அதனால் நீங்கள் உட்கார்ந்ததும் முதலில் வேலையைத் தொடங்குவது உங்கள் கால்கள்தான்.

அந்த ஆர்மோனியத்தைப் பங்குச் சாமியார் அதே வாரம் வேறொரு சிறு கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போக இடமில்லை. பியானோ வாசிக்க வேண்டும், அல்லது வாசிப்பதை நிறுத்த வேண்டும்.

நீங்கள் நிறுத்தவில்லை. ஆபீஸ் விட்டு நேராகக் கோயில். முதல் வாரமே அந்த பிளக்கை வெட்டச் சொல்லி நம் ஊர் பிளக் மாட்டவைத்தீர்கள். மாலையில் மின்சாரம் மங்குகிறது என்று ஒரு ஸ்டெபிலைசரும் வந்தது. பிறகு பொத்தான்கள். ஒவ்வொன்றும் ஒரு குரல். ஒன்றை அழுத்தினால் கிண்கிணியென்று உலோகச் சத்தம். "ஐஸ்காரன் வந்துட்டான், காசு எடுத்துட்டு வாங்க" என்றீர்கள். பாடற்குழு முழுக்கச் சிரித்தது. பியானோக் குரல் உங்களுக்கு ஒத்துவரவில்லை. தட்டியதும் கரைந்துவிடுகிறது, நம் பாட்டுகளோ இழுத்துப் பாடுபவை. ஆர்கன் என்ற பொத்தானில் வந்து நின்றீர்கள். விரல் இருக்கும்வரை சத்தம் இருந்தது. "இது நம்ம ஆளு."

ஒருநாள் யாரோ எதையோ அழுத்த, பியானோ தானாகவே ஒரு துள்ளல் மெட்டை வாசிக்க ஆரம்பித்தது. மாதிரிக்கென்று உள்ளேயே அடைத்துவைத்த மெட்டு. நிறுத்தத் தெரியாமல் எல்லோரும் பதறினார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டீர்கள்.

"நல்லதாப் போச்சு. நீயே வாசி. நான் வீட்டுக்குப் போறேன்."

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்து பாடும் பெண்கள், சுருதி உயரம் என்று குறைப்பட்டார்கள். "எங்க தொண்டைக்கு எறக்கிக் குடுங்கம்மா." முன்பென்றால் நீங்கள் கறுப்புக் கட்டைகளுக்கு மாறி விரலை முறுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். இதில் சுருதி மாற்றும் பொத்தானை இரண்டு முறை தட்டினீர்கள். அதே கட்டைகள், அதே விரல்கள், சுருதி மட்டும் இறங்கியது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தீர்கள். "இத்தனை வருசம் வெட்டியா வெரலை ஒடிச்சுக்கிட்டேன்."

ஆனால் கால்கள் நிற்கவில்லை. மிதிக்க ஒன்றுமில்லாத தரையில் அவை மாறி மாறி மிதித்தன. பின்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள். நானும் ஒருமுறை சிரித்தேன்.

மாதா திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது பெலிக்ஸ் அட்டைப்பெட்டியின் மூலையில் பெடலைக் கண்டுபிடித்தான். பெலிக்ஸ் நம் பாடற்குழுவில் கிதார் வாசிப்பவன், இருபது வயது, பொத்தான்களை அழுத்தி அழுத்தியே பியானோவைக் கற்றுக்கொண்டிருந்தான். ஒயரைப் பின்னால் செருகிவிட்டு, "அக்கா, ஒங்க காலுக்கு வேலை வந்துடுச்சு" என்றான். மிதித்தால் சத்தம் நீளும், எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான்.

அன்று சனிக்கிழமை ஒத்திகை. நான் விடுமுறையில் வந்திருந்தேன். நீங்கள் உட்கார்ந்தீர்கள். வலது கால் பெடலில் இறங்கியது. சுவிட்சைப் போட்டீர்கள். காலை எடுத்து வாசித்தீர்கள்.

சத்தம் நிற்கவில்லை. கையை எடுத்த பிறகும் ஒவ்வொரு ஸ்வரமும் அங்கேயே நின்றது. அடுத்தது அதன்மேல் ஏறியது. அதன்மேல் இன்னொன்று. திருவிழா நாள் பஸ் நிலையம் மாதிரி ஒரே இரைச்சல். அணைத்துவிட்டு மறுபடி போட்டீர்கள். அதே இரைச்சல். பெலிக்ஸ் அணைத்துவிட்டு உட்கார்ந்து போட்டான். சுத்தமாக வந்தது. மறுபடி நீங்கள். இரைச்சல். மறுபடி அவன். சுத்தம்.

நாலு முறை. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மெதுவில்: "சில பேருக்குக் கை ராசி அப்படி."

கல்யாணம் ஆகாமல் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று சொன்னவருக்குத் தெரியும். உங்கள் முகம் மாறவில்லை. ஜாக்கெட் கையை இழுத்துவிட்டுக்கொண்டீர்கள்.

சாமியார் நல்லவர். நல்லவராகவே சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. சரியா வரலைன்னா திருவிழாவுக்கு பெலிக்ஸ் வாசிக்கட்டும். அதுக்கப்புறமும் அவனே பாத்துக்கட்டும். நீங்க ஓய்வா பொம்பளைங்க வரிசையில ஒக்காந்து பாடுங்க."

ஓய்வா. அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருடம்.

வீட்டுக்கு நடக்கும்போது அரசலாற்றுப் பாலத்தில் காற்று அதிகம். நான்தான் பேசினேன். எம்.ஏ. முதலாண்டு, ஆங்கில இலக்கியம். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு முடிவு இருந்த வயது.

"விட்டுடுங்க அத்தை. ஒங்களுக்கும் வயசாச்சு. பெலிக்ஸ் நல்லாத்தானே வாசிக்கிறான்."

பாலம் முடிகிற இடத்தில் நடந்துகொண்டே சொன்னீர்கள்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு சொல்லு. நான் கெட்டுப்போயிட்டேன்னு பாக்காம சொல்லாத."

மறுநாள் பூசை முடிந்து சாமியாரிடம் அந்த விளக்கப் புத்தகத்தைக் கேட்டு, காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். பிரெஞ்சும் ஜெர்மனும் மட்டும் இருந்த புத்தகம். நான் ஏற்கெனவே புரட்டிப் பார்த்து மூடியிருந்தேன். பெலிக்ஸ் படம் மட்டும் பார்த்திருந்தான். வேறு யாரும் தொடவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தீர்கள். கண்ணாடி. பென்சில். நான் உள்ளே படுத்து ஏதோ நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

யார் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நீங்கள்தான். சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தீர்கள். தொண்டைக்குள்ளிருந்து உரசி வரும் ரகரம். நிறுத்தி நிறுத்தி அல்ல. தெரிந்த தெருவில் நடப்பதுபோல. அந்தக் குரல் வீட்டில் இத்தனை நாள் எங்கே இருந்தது? கான்வென்டில் பிரெவே என்ற பள்ளிப் பரீட்சைவரை பிரெஞ்சில் படித்தவர் நீங்கள் என்று எனக்குத் தெரியும், ரேஷன் கார்டில் வயது தெரிவதுபோல. ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது உங்களுக்குப் பத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்தபோது கடிதங்கள் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. நீங்கள் ஆங்கில டைப்ரைட்டிங் கற்றீர்கள். பிரெஞ்சை மடித்து வைத்தீர்கள். அதன்பின் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும்தான். மொழிகளைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நான்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். "ஏண்டி, படிச்ச பொண்ணே. இங்க வா."

வந்தேன். பென்சில் ஒரு வரியின் கீழ் நின்றது.

"சுவிட்சப் போடும்போது பெடல் மேல கால் இருக்கக் கூடாதாம்."

"ஏன்?"

"முழிச்சதும் அது மொதல்ல பெடலத்தான் பாக்குமாம். அப்ப எப்படி இருக்கோ அதுதான் சும்மா இருக்கிறதுன்னு எடுத்துக்குமாம். நான் அழுத்திக்கிட்டே போடுறேன். அப்ப அதுக்கு அழுத்தினா சும்மா. காலை எடுத்தா அழுத்தின மாதிரி. எல்லாம் தலைகீழு."

குனிந்து உங்கள் கால்களைப் பார்த்தீர்கள். அப்புறம் சிரிக்கத் தொடங்கினீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"காத்து ரொப்பாம கை வைக்க விடுமா இந்தக் காலு? இருபத்திரண்டு வருசம்டி."

பெலிக்ஸ் கால் ஆர்மோனியத்தில் உட்கார்ந்ததே இல்லை. அவன் கால் தரையில் இருக்கும். வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் பெடலுக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே போய்ச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். மாட்டேன் என்றீர்கள். "எல்லாரும் பாக்கத்தான அது நடந்துச்சு. எல்லாரும் இருக்கிற அன்னிக்கே பாத்துக்கலாம்."

"தப்பா இருந்துட்டா? திருவிழாவுக்கு வேற நாள் இல்லையே அத்தை."

"ப்ரெஞ்சுல அச்சடிச்சிருக்கு. எனக்கு ப்ரெஞ்சு தெரியும்."

ஆறு நாள். நீங்கள் ஆபீஸ் போனீர்கள், வந்தீர்கள், மீன் கழுவினீர்கள், முணுமுணுத்துப் பாட்டை மனப்பாடம் செய்தீர்கள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். திருவிழா மறுநாள் என்பதால் மட்டும் அல்ல. சாமியாரும் வந்து நின்றார். நீங்கள் பியானோவுக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்றீர்கள்.

"பெலிக்ஸ், நீ ஒக்காரு."

உட்கார்ந்தான்.

"வலது காலை பெடல்ல வை. நல்லா அழுத்து. எடுக்காத. இப்ப சுவிட்சப் போடு. போட்டுட்டியா? இனி காலை எடுத்துட்டு வாசி."

வாசித்தான். இரைச்சல். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கூரைவரை. பதறிக் கையை எடுத்தான். சத்தம் நிற்கவில்லை.

நீங்கள் அவன் தோளைத் தட்டினீர்கள்.

"என்ன தம்பி, ஒனக்கும் கை ராசி சரியில்லையா?"

முதலில் சிரித்தது சாமியார். பிறகு பெலிக்ஸ். பெண்கள் வரிசையில் கொஞ்ச நேரம் யாரும் நிமிரவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அணைத்தீர்கள். உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சுவிட்சைப் போட்டீர்கள். பிறகு வாசித்தீர்கள்.

சுத்தம்.

திருவிழாப் பூசையில் நீங்கள்தான். கோயிலுக்குள் இடமில்லை, வெளிப்பந்தலில் நின்றேன். பட்டினச்சேரிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, "ரேடியோவா போட்டிருக்காங்க?" என்று கேட்டார். "இல்லீங்க. எங்க அத்தை" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகத்தான். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் வாசித்தீர்கள். பெலிக்ஸுக்கு ஒரு ஞாயிறு, உங்களுக்கு ஒரு ஞாயிறு என்று நீங்களே பங்கு போட்டீர்கள். புத்தகத்தின் பெடல் பக்கத்தைத் தமிழில் எழுதிப் பியானோவின் பக்கவாட்டில் ஒட்டினீர்கள். "சுவிட்ச் போடுமுன் கால் தரையில்." கீழே கையெழுத்து கிடையாது.

உங்களுக்கான பூசையில் பெலிக்ஸ் வாசித்தான். நான் முன்வரிசையில் இருந்தேன். சவப்பெட்டியைப் பார்க்க முடியாமல் அவன் பக்கம் திரும்பியிருந்தேன். உட்கார்ந்தான். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினான். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தான். அதற்குப் பிறகுதான் சுவிட்சைத் தொட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் துக்கம் பாதிதான்.

போன மாதம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். எல்லாம் கேட்டு முடித்து, எழுந்திருக்கப் போகும்போது ஒருவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"ஒங்க வீட்ல நீங்கதான் மொதல்ல படிச்சவங்களா?"

பள்ளிக்கூடத்திலிருந்து இந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றே சொல்லிவந்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு நிமிர்வும் இருந்தது. அந்த ஆமாமில் உங்களுக்கு இடமே இருந்ததில்லை. நீங்கள் ஒருநாளும் திருத்தியதில்லை.

"பட்டம் வாங்கினது நான் மொதல்ல, சார்" என்றேன். "படிச்சவங்க எங்க அத்தை."