இரண்டு முறை சீவிய ஹெட்

என் மைக்ரோமீட்டருக்கு,

இதைக் கையில் வாங்கியதும் நின்ற இடத்திலேயே படி. வண்டியில் உட்கார்ந்திருந்தால் முதலில் இறங்கு. படித்து முடிக்கும்வரை இன்ஜினை யாரும் தொட வேண்டாம்.

இங்கே இருவரும் நலம். மகளுக்குக் காய்ச்சல் நேற்றுத்தான் விட்டது. சாப்பிடச் சொன்னால் உன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை உலோகம் சீவும் மில்லிங் மிஷினைத் துடைத்தேன். பின்பக்கத் தட்டில், எண்ணெய் டப்பாவுக்கு அடியில், உன் கையெழுத்தில் ஒரு அட்டை கிடந்தது. சனிக்கிழமை இன்ஜின் ஹெட்டை அரை மில்லிமீட்டர் சீவியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அதே ஹெட்டை நானும் அரை மில்லிமீட்டர் சீவினேன்.

பதினொரு வருஷமாக நம் பட்டறையில் ஒருவர் ஹெட்டை மிஷினில் ஏற்றினால் இன்னொருவர் அதன் உயரத்தை மைக்ரோமீட்டரால் அளந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் கத்தி இறங்கும். அந்த வாரம் நமக்குள் பேச்சே இல்லையே, யார் யாருக்குச் சொல்வது? சனிக்கிழமை நான் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, பாவம், இந்த மனுஷனுக்கு வேலை குறையட்டும் என்று நீ சீவி, கழுவி, அலமாரியில் வைத்திருக்கிறாய். மறுநாள், நீ கேட்டபடி வண்டி திங்கட்கிழமை தயாராகட்டும் என்று நான் தனியாக வந்து மிஷினை ஓட்டினேன். ஹெட்டின் முகம் பளபளவென்று இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அளக்கவில்லை. சமாதானத்துக்கு இறங்கி வந்த லட்சணத்தைப் பார்.

திங்கட்கிழமை நீதான் இன்ஜினைப் பூட்டினாய். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, வால்வு எவ்வளவு அமுக்குகிறது என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். நீ கூப்பிடவில்லை. நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.

அப்பா முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று மகள் கேட்டாள். இன்ஜினுக்கு மேல் ஹெட் என்று ஒரு மூடி உண்டு, அதைக் கொஞ்சம் சீவினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோல் இன்னும் பலமாகத் தள்ளும், நிறையச் சீவிவிட்டால் உள்ளே இருப்பவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எழுந்து போய்ப் போனை எடுத்தேன்.

வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி இப்போது ஒன்றுதான். மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. சாதாரண வண்டியாக இருந்தால் உன் காலும் காதும் உன்னைக் காப்பாற்றிவிடும். இது பாதி பேட்டரி, பாதி பெட்ரோல். எப்போது இன்ஜினை எழுப்புவது, எத்தனை சுற்று ஓட்டுவது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் கையில். நாளைக் காலை சோதனை ஓட்டத்தில் நீ மேட்டில் பெடலை அமுக்கினால் அது நேராக ஐயாயிரம் சுற்றுக்குத் தூக்கிவிடும். அந்த வேகத்தில் வால்வு இடித்து இன்ஜின் இறுகிவிட்டால் வண்டி உன் பேச்சைக் கேட்காது.

உங்கள் சோதனைத் திடலில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அலுவலக எண்ணில் மூன்று முறை கூப்பிட்டேன். ஒருவர் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "வண்டியில ஏதோ கோளாறாம்னு எழுதியிருக்கேன் சார்" என்றார். அதை நம்பி நான் எப்படிச் சும்மா இருப்பது? நானே வந்திருப்பேன். உள்ளே விடும் பட்டியலில் என் பெயர் இல்லை, மகளையும் விட்டுவிட்டு வர முடியாது. வண்டியை அங்கே கொண்டுபோய் இறக்கிய லாரி டிரைவரிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறது. கூட அனுப்பும் பெட்டியை இறக்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். சாயங்காலம் வந்துவிடுவார்.

பெட்டியில் இருப்பது இன்னொரு ஹெட். இன்று காலை அரை மில்லிமீட்டர் சீவியது. நானும் எதிர்ப் பட்டறை லேத்துக்காரரும் தனித்தனியாக அளந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டும் புதுசு வைத்திருக்கிறேன். மாற்றும்முன் பேட்டரியின் இணைப்புப் பிளக்கைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொள். இன்ஜின் சத்தமில்லாமல் இருக்கிறதே என்று யாராவது கையை உள்ளே விட்டால், அந்த நேரம் பார்த்து அது தானாகக் கிளம்பிவிடலாம். உனக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். களிமண் சோதனைக்கு அங்கே யாரையாவது கூப்பிட்டுக்கொள். தனியாகச் செய்யாதே.

அன்று நமக்குள் சண்டை எதற்கு? வேறு யாரையாவது ஓட்டச் சொல் என்றேன். "நான் பண்ணின இன்ஜின்ல நானே உக்காரலைன்னா வேற எவன் உக்காருவான்?" என்று கேட்டாய். உனக்குத் தலைக்கனம் என்று சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

டிரைவர் கிளம்ப அவசரப்படுகிறார். கோபம் தீராவிட்டால் பரவாயில்லை. திரும்பி வந்து ஒரு வருஷம் பேசாமல் இரு, ஆயுசு முழுக்கப் பேசாமல் இரு. எதிரில் உட்கார்ந்து பேசாமல் இரு.

நீ இறங்கிவிட்டாய் என்ற சேதிக்காக வாசலிலேயே நிற்கும்,
உன் வீட்டுக்காரன்