அக்டோபரில் ஒருநாளும் வராத அத்தானுக்கு

என் பிரியமுள்ள அத்தான்,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிரியம் இல்லாமல் இல்லை. இருப்பதால்தானே இவ்வளவு கோபம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை. பழையாற்றில் செந்தண்ணீர் கரைமுட்டப் போகிறது. உங்கள் தம்பி செல்வம் கும்பப்பூ நடவை ஒருவழியாக முடித்துவிட்டான். நம் நித்யா கோயம்புத்தூரில் கடைசி வருடம் படிக்கிறாள். இதெல்லாம் நல்ல செய்தி. இனிச் சொல்லப்போவது மொய்ரா வந்த செய்தி.

ஆமாம், உங்கள் மொய்ராதான். ஸ்காட்லாந்தில் உங்களோடு ஒரே வார்டில் நர்ஸாக இருந்தவள். சனிக்கிழமைதோறும் ட்வீட் ஆற்றில் உங்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று சால்மனுக்கும் ட்ரௌட்டுக்கும் தூண்டில் வீசியவள். அவள் நம் பூதப்பாண்டி வீட்டுக்கு வந்திருந்தாள். அதுவும் அக்டோபரில், அத்தான்!

நமக்குக் கல்யாணம் ஆனது ஐப்பசியில். தீபாவளி வருவதும் ஐப்பசியில். அங்கே வேலைக்குப் போன பிறகு ஒரு ஐப்பசிக்காவது வந்தீர்களா? முதலில் லீவு இல்லை என்றீர்கள். பிறகு உண்மையைச் சொன்னீர்கள். இலை உதிர்கிற காலத்தில்தான் சால்மன் கடலிலிருந்து ஆறேறி வரும், நவம்பரோடு சீசன் முடிந்துவிடும் என்று. “டிசம்பர்ல வாறேன் ஏட்டி, நீ கோவிக்காத” என்பீர்கள். கடலிலிருந்து மீன் அக்டோபரில் வரும். கடல் தாண்டி என் புருஷன் டிசம்பரில் வருவார்.

அந்த சீசனை விட்டுவிட்டு அவள் வந்து நிற்கிறாள். எனக்காக நீங்கள் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காததை உங்களுக்காக அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள். பார்த்தவுடனேயே அவளைப் பிடிக்காமல் போவதற்கு இது போதாதா?

நரைத்த முடி, நல்ல உயரம், ஒரு முழங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். நான் தப்பாக எதையும் நினைக்கவில்லை. நினைக்க முடிந்திருந்தால் சண்டை போட்டு, அழுது தீர்த்திருப்பேன். இது அப்படித் தீர்கிற சங்கதி இல்லை. உங்கள் தூண்டில் கம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு குழாயில் போட்டு, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள்.

மத்தியானம் இலை போட்டேன். அவியலில் கிடந்த முருங்கைக்காயைக் கையால் எடுத்து, சவைத்து, சக்கையை இலையின் ஓரத்தில் ஒதுக்கினாள். யார் பழக்கிவிட்டது? கேட்டேன். நீங்கள் சமைத்துப் போடுவீர்களாம். இந்த வீட்டில் ஒரு காப்பி போட்டதுண்டா அத்தான் நீங்கள்?

நீங்கள் முதன்முதலில் மீன் பிடித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மழை வெறித்து வெள்ளம் கொஞ்சம் தணிந்த ஒரு நாள் செல்வம் எங்களைத் தடுப்பணைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவள் கம்பைப் பூட்டத் தொடங்கினாள்.

“மயினி, மண்புழு தோண்டட்டா?” என்று செல்வம் கேட்டான்.

“இதுக்கு எரை கெடையாதாம். கொக்கியில சிறகும் நூலும் சுத்தி, ஈ மாதிரி செஞ்சு வச்சிருக்கா பாரு.”

“எரை இல்லாம கடிக்கதுக்கு மீனுக்கு என்ன கிறுக்கா?”

நீங்கள் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். ஆறேறி வரும் சால்மன் எதையும் தின்னாது. பசியில் அது கடிப்பதில்லை. தன் வழியில் என்னமோ ஒன்று குறுக்கே வந்துவிட்டதே என்ற எரிச்சலில் கவ்வும். போனில் கேட்டபோது விளங்காத மீன், அன்று மொய்ராவின் பக்கத்தில் நின்றபோது எனக்கு நன்றாகவே விளங்கியது.

அந்தக் கொக்கியில் சுற்றியிருந்த சிறகு நம் வீட்டுச் சேவலுடையது. ஒவ்வொரு டிசம்பரும் கழுத்துச் சிறகாகப் பார்த்துப் பொறுக்கி, கழுவி, காயவைத்து உங்கள் பெட்டியில் வைத்தது நான். மீன் பிடித்தது நீங்கள் இரண்டு பேரும்.

அவள் வீசினாள். கயிறு பின்னால் போய் நீண்டு, ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் வந்து தண்ணீரில் சத்தமில்லாமல் படுத்தது. அழகாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு கெண்டை கவ்வியது. உடனே அவள் “மக்கா!” என்று ஒரு சத்தம் போட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மீன் மாட்டினால், நம் ஊர்ச் சேக்காளிகளைக் கூப்பிடுவதுபோல, நீங்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவீர்களாம். அவளும் உங்களுக்கு மக்காவாம். எனக்கு இத்தனை வருடமும் ஏட்டி, அவளுக்கு மக்காவா?

கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, கொக்கியைக் கழற்றி, தண்ணீரில் விட்டாள். செல்வம் தலையில் கைவைத்தான். “பிடிச்சத விடதுக்கா மயினி இந்தப் பாடு?” என்றவன், டீ வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைப்பக்கம் போனான்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். அவளுடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபடும். இது முழுதாகப் பிடிபட்டது.

“டாக்டர் புற்றுநோய் என்று சொன்ன அன்று அவர் நேராக ஆற்றுக்குத்தான் வந்தார். தூண்டிலைத் தொடவில்லை. கரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.”

“அது எப்போது?”

“அக்டோபரில். மரமெல்லாம் மஞ்சளாக இருந்தது.”

அத்தான், என்னிடம் நீங்கள் சொன்னது டிசம்பரில். ஊருக்கு வந்து, சோறு தின்று முடித்து, கை கழுவிவிட்டுச் சொன்னீர்கள். அதுவரை தினமும் போனில் “சாப்ட்டியா ஏட்டி, இங்க நல்ல குளிரு” என்றுதானே பேசினீர்கள்? தம்பிக்குக்கூடச் சொல்லாமல் முதலில் என்னிடம் சொன்னாரே என்று, மாசியில் நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். அதையும் அவள் கொண்டுபோய்விட்டாள்.

“உனக்குப் போன் பண்ணச் சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் கெஞ்சினேன்,” என்றாள் மொய்ரா. “சுகந்தியிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்றார்.”

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். நான் தேறவில்லை. பயந்தால் உங்கள் முகம் எப்படி இருக்கும் அத்தான்? நான் பார்த்ததே இல்லையே. ஆஸ்பத்திரியிலும் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டல்லவா கிடந்தீர்கள்?

“அழுதாரா?” என்று கேட்டேன்.

“அழுதார்.”

“நீ என்ன செய்தாய்?”

“பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.”

அது என்னுடைய இடம். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

பிறகு அவள் தயங்கித் தயங்கி, அந்தக் கம்பைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். “தர மாட்டேன்,” என்றேன். யோசிக்கவே இல்லை. அவள் தலையை ஆட்டினாள். கம்பைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தன் சட்டைக் கையால் துடைத்து, குழாயில் போட்டு என் மடியில் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. உங்கள் பக்கத்தில் அவள் இருந்ததுபோல நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செல்வம் டீயோடு வருவதற்குள் நான்தான் பேசினேன். “அவர் நிற்கிற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள்?”

“யாரும் இல்லை. எனக்கும் அங்கே போக முடியவில்லை. நீ வா, சுகந்தி. கம்பை எடுத்துக்கொண்டு வா.”

அவள் போன மறுநாள் நித்யா போன் பண்ணினாள். எல்லாம் கேட்டுவிட்டு, “அம்மா, நீ பொறாமப்படுதியா?” என்றாள்.

“ஆமா. அதுக்கென்ன இப்பம்?”

“ஒண்ணுமில்ல. அப்பா கேட்டா சிரிச்சிருப்பாவ.”

சிரிப்பீர்கள், தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மொட்டை மாடியில் கம்பை வீசிப் பழகுவதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பீர்கள். நேற்று கயிறு போய்க் கொடியில் காய்ந்த சேலையில் சுற்றிக்கொண்டது. கீழே நின்ற செல்வம், “மயினிக்கு நல்ல பெரிய சேல மாட்டியிருக்கு” என்கிறான். சிரிக்கட்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தலைமையாசிரியையிடம் லீவும் சொல்லிவைத்துவிட்டேன்.

அடுத்த அக்டோபரில் நான் அங்கே வருவேன், அத்தான். இது சத்தியம். நீந்தத் தெரியாது, குளிர் தாங்காது, ஆனாலும் நீங்கள் நின்ற தண்ணீரில் நான் நிற்பேன். பிறகு மொய்ராவைக் கரையில் உட்காரவைத்து, நீங்கள் எனக்குத் தராத அந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், எப்போது அழுதீர்கள், எப்படி எழுந்து வீட்டுக்குப் போனீர்கள், எல்லாம். ஒரு சனிக்கிழமையைக்கூட அவளுக்கு மட்டும் என்று நான் விட்டுவைக்கப் போவதில்லை.

உங்கள் தாய்மாமன் மகள்,
சுகந்தி