வாசல் திறக்கும் இரண்டு நாட்கள்

டோர்ட்மண்ட்
28.08.2008

அன்புள்ள அம்புறோஸ் அண்ணைக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். நான் சுகமாக இல்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்தில் நிற்பார். கடிதம் யாழ்ப்பாணம் வந்து சேரும்போது எல்லாம் ஏதோ ஒரு வழியாக முடிந்திருக்கும்.

யாகோப்பு எங்கள் மகள் மரியத்தைக் கூட்டிக்கொண்டு தன் தகப்பனைப் பார்க்கக் காசாவுக்குப் போய்ப் பதினைந்து மாதமாகிறது. நாலு கிழமைப் பயணம் என்றுதான் போனார்கள். இரண்டாம் கிழமையே எல்லையைப் பூட்டிவிட்டார்கள். முதல் மாதம் ஜேர்மன் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் வெளியே எடுத்தார்கள். மரியத்திடமும் அது இருக்கிறது. ஆனால் அவள் பெயர் யாகோப்பின் காசா அடையாள அட்டையிலும் பதிந்திருக்கிறது. அப்படியானவர்களுக்கு அட்டைதான் கணக்கு, பாஸ்போர்ட் இல்லை என்று அவளை இறக்கிவிட்டார்கள். அந்தப் பதிவைச் செய்யச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவள் நான், அண்ணை. யாகோப்பு வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். பிள்ளைக்கு எத்தனை பத்திரம் இருந்தாலும் நல்லது என்று நினைத்தேன். என் மண்டையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

அங்கே பெற்றோல் இல்லை. கார்களைச் சமையல் எண்ணெயில் ஓட்டுகிறார்களாம், வீதியெல்லாம் பொரியல் மணமாம். தொண்ணூறுகளில் தடை நேரம் ஊரில் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டவில்லையா? மரியத்துக்குப் பத்து வயது. சப்பாத்து சின்னதாகிவிட்டது, கடைகளில் இல்லை, மச்சாளின் செருப்போடு பள்ளிக்கூடம் போகிறாள். இங்கே அவளுடைய பள்ளிக்கூடமோ பிள்ளை ஏன் வரவில்லை என்று கடிதம் மேல் கடிதம் போடுகிறது.

நேற்று யாகோப்பு போன் எடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எகிப்துப் பக்க வாசலைத் திறப்பார்களாம். அவருக்கு ஏலாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றதால் அவருடைய ஜேர்மன் விசா காலாவதியாகிவிட்டது. மரியம் மட்டும் போகலாம். வைத்தியத்துக்குப் போகும் ஒரு பெண் கூட்டிவரச் சம்மதித்திருக்கிறாராம். யார், என்ன பெயர் என்று கேட்டேன். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அனுப்பட்டுமா என்று கேட்டார். லைன் அறுந்துவிடும் என்ற பயத்தில் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை விமானம் ஏறுகிறேன். வாசலுக்கு மறுபக்கம் நிற்பேன். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பிள்ளையை மட்டும் விட்டால்? பஸ்ஸால் இறங்கி அவள் என்னைக் காணாவிட்டால்? வேலையிடத்தில் பாலாம்பிகை அக்கா, "ஒண்டும் நடவாது, அழாமப் போட்டு வா" என்றார். அவருக்குச் சொல்ல லேசு.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதேங்கோ. மரியத்துக்காகச் செபமாலை மட்டும் சொல்லச் சொல்லுங்கோ.

அண்ணை, பத்தொன்பது வயதில் என்னைக் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனிடம் ஒப்படைத்தது நீங்கள்தான். முன்பின் தெரியாதவனோடு அனுப்பினீர்களே என்று எத்தனை வருடம் உங்களோடு முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். இங்கே வந்து நான் போன் எடுக்க நாற்பது நாளாயிற்று. அந்த நாற்பது நாளும் நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள், எப்படிப் படுத்தீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எழுதுங்கோ.

உங்கள் தங்கை
யோசப்பின்