டெங்கில் ஊற்றுக்குப் போன லோரி

பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே லைன் வீடு
தாது வருடம் சித்திரை 3

கிள்ளானில் இருக்கும் மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு மாமனார் தம்புசாமி சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் இருமலும் சௌக்கியம். அங்கே நீங்கள், மகள் ராஜம்மா, குழந்தை, உங்கள் அத்தை எல்லோரும் சுகமாக இருக்க சித்தி விநாயகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கைநாட்டுதான் என்பது உங்களுக்குத் தெரியும். டிக்கெட் ஆபீஸ் இராமலிங்கம் எழுதுகிறார். நான் சொல்லும் வேகத்துக்கு அவர் பேனா ஓடவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. இந்தக் கடிதத்தை வீட்டு நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அடுப்படிவரை கேட்க வேண்டும். நான் அப்படிப் படிக்கச் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.

பெரிய வெள்ளி விடுமுறைக்கு விறகு லோரி ஜெயராஜ் எங்கள் லைன் ஆட்கள் பதினோரு பேரை டெங்கிலுக்கு அழைத்துப் போனான். இரண்டு ராத்திரி தங்கல். லோரி என்றால் பழைய விறகு லோரி இல்லை, அதை வீடாக்கிவிட்டோம். குறுக்கே பலகை போட்டு மேலே ஒன்று கீழே ஒன்றாகப் படுக்கை. நடுவில் போர்வையைத் திரையாகக் கட்டிப் பெண்களுக்குத் தனி இடம். பானை சட்டி உருளாமல் இருக்கப் பக்கவாட்டில் கம்பி வளையம். நின்ற இடத்தில் பின்பக்கத் தார்ப்பாயை இரண்டு மூங்கிலில் நிறுத்தினால் அதுவே கூடம். இந்த யோசனையெல்லாம் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? கிம்மாஸ் ரயில் லைன் போட்ட வருஷம் எட்டு மாதம் கூடாரத்தில் கிடந்தவன் நான். எந்த முடிச்சை எங்கே போட வேண்டும் என்று இன்னும் விரல் மறக்கவில்லை.

டெங்கிலுக்கு இந்தப்பக்கம் பழைய ஈயச் சுரங்க லம்பம் ஒன்று இருக்கிறது. சீனர்கள் தோண்டி எடுத்துப் போனபின் மண் மட்டும் மிச்சம். மாப்பிள்ளை, நான் இந்த நாட்டில் பார்க்காத காடு இல்லை, மேடு இல்லை. அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணுக்கெட்டியவரை வெள்ளை மணல். ஒரு புல் கிடையாது, ஒரு நிழல் கிடையாது. பகல் பதினோரு மணிக்கு இறங்கினோம். கால் வைத்ததும் ஜெயராஜ் நெருப்பு மிதித்தவன்போலத் துள்ளினான். அவன் பெண்டாட்டி வள்ளியம்மா, தீமிதிக்கு வேண்டிக்கொண்டு மூன்று வருஷமாக ஏமாற்றினாயே, இன்றைக்குக் கழிந்தது என்றாள். பிறகு கோணிச்சாக்குகளை வரிசையாக விரித்து அதன்மேல் நடந்தோம்.

அந்த மணலுக்கு நடுவே, ஒரு பாறைக்கு அடியில் ஊற்று. மணல் கொதிக்கிற மாதிரி குமிழ்விட்டுக் கிளம்புகிறது. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. ஊறிய தண்ணீர் சேர்ந்து சேர்ந்து பெரிய குளமாகி நிற்கிறது. பத்தடி ஆழத்தில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். எனக்கு அறுபத்தாறு வயது என்று இராமலிங்கம் ஞாபகப்படுத்துகிறார். அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. பாறையிலிருந்து குதித்தேன். மல்லாந்து மிதந்தேன். கிழவன் செத்துவிட்டானா பார் என்று கரையில் ஒருவன் கேட்டது தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

குளித்தால் பசிக்குமே. வள்ளியம்மா வாயகன்ற தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி, ஊற்று மடையில் குந்தி, கல் அரிக்க ஆரம்பித்தாள். தெரியுமல்லவா, சுற்றிச் சுற்றி ஆட்டி, மேல் தண்ணீரோடு அரிசியைச் சாய்த்துக் கல்லை அடியில் நிறுத்துவது. அவ்வளவுதான். மணல்மேட்டின் மேலிருந்து ஓர் ஆள் தடியோடு ஓடி வந்தார். ஆறடி சர்தார், லம்பத்தைக் காவல் காக்கிற ஜாகா. பாஸ் மானா, பாஸ் எங்கே என்று கத்தல். ஈயம் அரிக்கும் பெண்கள் இதேபோல டூலாங் தட்டை ஆட்டித்தானே அரிப்பார்கள், அதற்குச் சர்க்கார் பாஸ் வேண்டும். இவள் பாஸ் இல்லாமல் ஈயம் திருடுகிறாள் என்று மனுஷன் முடிவுகட்டிவிட்டார்.

நாங்கள் எல்லோரும் எழுந்து பின்வாங்கினோம். வள்ளியம்மா எழுந்திருக்கவே இல்லை. கஞ்சி காய்ச்ச எந்த ஊர்த் துரை பாஸ் கொடுக்கிறார், கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, தாம்பாளத்துக்குள் குனிந்தார். அடியில் மூன்று கறுப்புக் கல் கிடந்தது. ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்தார், பல்லில் கடித்தார், துப்பினார். ஈயம் இல்லை, ரங்கூன் அரிசி என்றார். அதை அவர் சொன்ன தோரணையில் நாங்கள் சிரித்த சிரிப்பு டெங்கில் கடைத்தெருவரை கேட்டிருக்கும். பிறகு எங்களோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இனிமேல் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் மாப்பிள்ளை.

சாப்பிட்டு முடித்து ஜாகா சொன்னார், ஆண்கள் இங்கே குளிக்கட்டும், பெண்களுக்கு வேறு இடம் இருக்கிறது என்று. பாறைக்கு மறுபுறம், சுற்றிலும் பாண்டான் தாழம்புதர் மூடிய இன்னொரு குளம். டூலாங் பெண்கள் வேலை முடித்துக் குளிப்பதற்காக விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஜாகா மேட்டின்மேல் நாற்காலி போட்டுக் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவாராம். அவர் எழுந்திருக்கும்வரை ஓர் ஆண் அந்தப் பக்கம் போக முடியாது. அப்படியே நடந்தது. நானும் இந்தப்பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதருக்கு அப்பால் எங்கள் லைன் பெண்கள் நாலு பேரும் தண்ணீரை அடிக்கிற சத்தம், ஒருத்தியை ஒருத்தி முக்குகிற சத்தம், வள்ளியம்மா என்னமோ சொல்ல மற்றவர்கள் கூவுகிற சத்தம். ஒரு மணி நேரம். பைப்படியில் வாளியோடு சண்டை போடுகிற அதே பெண்கள்தானா என்று இருந்தது.

அப்போது எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்திய தை மாதம், செவ்வாய்க்கிழமை. கப்பலை விட்டு இறங்கி, இந்த லைனுக்கு வந்து சேர்ந்த முதல் நாள். உங்கள் அத்தைக்கு அரக்குச் சேலை. பைப்படியில் பத்துப்பேர் பார்க்க, சேலையோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். இது குளியலா, உடம்பைத் துடைத்துக்கொள்வதா, தலை முங்க ஒரு தண்ணீர் இல்லாத ஊருக்கா என்னைக் கொண்டுவந்தாய் என்று கேட்டாள். இந்த நாட்டிலும் தண்ணீர் இருக்கிறது, அடுத்த வருஷம் காட்டுகிறேன் என்றேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று லைன் போட்டுக்கொண்டே போனேன். அவள் அதற்குப்பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்ந்திருக்கும்.

மகளின் பேறுகாலத்துக்கென்று பொங்கல் கழித்துக் கிள்ளானுக்கு வந்தவள், தன் அண்ணன் ரெங்கசாமியோடு ஊருக்கே போய்விடுவதாக முடிவு செய்திருப்பதை ராஜம்மா எழுதினாள். காவிரியில் முங்கி எழுந்தால் போதும், திரும்பி வரும் எண்ணமில்லை என்று அத்தை சொன்னதாகவும் எழுதினாள். கப்பல் சித்திரை இருபத்தொன்பது. டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று எழுதலாமா என்று இராமலிங்கம் கேட்கிறார். எழுதும் என்றேன்.

மறுநாள் காலையில் ஜாகாவிடம் கேட்டு, அந்தப் பெண்கள் குளத்துக்கு யாரும் இல்லாத நேரம் போனேன். மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தேன். கரையோரம் வள்ளியம்மாவுக்குக் கழுத்துவரை வரும். உங்கள் அத்தைக்கு மோவாய் வரும். அடி மணல் மெத்தென்று இருக்கிறது, பாசி இல்லை. இறங்குகிற இடம்தான் சறுக்கல். முட்டிவலிக்கு அது ஆகாது. லோரியில் கிடந்த இரண்டு பழைய ரயில் சிலிப்பர் கட்டையைப் படியாகப் பதித்து, பிடித்து இறங்க ஒரு கயிறும் கட்டிவிட்டு வந்தேன். ஜாகா அதை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்வார்.

லோரி மறுபடியும் போகிறது. சித்திரை இருபது, சனிக்கிழமை. காஜாங் வழியாகப் போவதுதான் நேர்வழி. கிள்ளானுக்கு வந்து, ஜெஞ்சாரோம் சுற்றிப் போகச் சொன்னேன். உனக்குப் பைத்தியமா பெரியவரே, எத்தனை மைல் சுற்று தெரியுமா என்று ஜெயராஜ் குதித்தான். கிள்ளானில் ஏறுகிற ஆள் வைக்கிற நண்டுக்குழம்பு எப்படி இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அவன் மைல் கணக்குப் பேசவில்லை.

படுக்கையில் சண்டை வராமல் இருக்க, அவனவன் பலகையில் அவனவன் பெயரைச் சாக்கட்டியால் எழுதுவது ஜெயராஜின் வழக்கம். பெண்கள் பக்கம், காற்று வருகிற ஓரத்துப் பலகையைக் காட்டினேன். யார் பெயர் என்று கேட்டான். ராஜம்மாவின் தாயார் என்றேன். பெயர் சொல்லு என்றான். என் பெண்சாதி என்றேன். லோரியில் எல்லோரும் யாரோ ஒருவனுடைய பெண்சாதிதான், பெயரைச் சொல்லு என்றான். பத்துப்பேர் சுற்றி நிற்கிறார்கள். அந்தப் பெயரை நான் நாலுபேர் முன்னால் சொன்னதே இல்லை, மாப்பிள்ளை.

பவுனம்மாள் என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எழுதினான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இந்த இரண்டு நாளாகச் சாயங்காலமானால் லோரி நிற்கிற இடத்துக்குப் போய் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன். மழையில் அழிந்துவிடக் கூடாதே என்று நேற்று மேலே சாக்குப் போட்டு மூடினேன்.

குழந்தையின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்து ஆசீர்வாதம் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிள்ளான் பாலத்தடியில் லோரி நிற்கும். மாற்றுச்சேலை ஒன்று போதும். ஏழு மணிவரை நிறுத்தி வைப்பேன். அதற்குப்பிறகு லோரி கிளம்பினால் கிளம்பட்டும், அந்தப் பலகையில் வேறு ஆளை உட்கார விடமாட்டேன்.

இங்ஙனம்,
தம்புசாமி
(இடது பெருவிரல் ரேகை)