சமையற்காரிக்குக் கட்டில், மகனுக்கு ஒன்றுமில்லை

குரோருட், ஒஸ்லோ
மாசி 2003

அம்மாவின் காலடி தொட்டு மகன் தவராசா எழுதுவது. முழங்கால் நோவு குறைந்ததா? எனக்கொரு குறையுமில்லை. இங்கே என்னைக் கேளாமல் பனியும் கொட்டாது.

நான் வீடு துடைக்கப் போகும் கிழவர் ஹார்க்ரேவ், ஆங்கில மரவியாபாரிகளின் வம்சம். அரைவாசி லண்டன் அவர்களுடையதுதானாம். நோர்வேக்கு முதலில் வந்த முன்னோர் யாருடைய மகன் என்று அறிய, பழைய மரணசாசனங்களின் பிரதிகளை எடுப்பித்திருந்தார். பழைய ஆங்கிலம் எனக்குத் தண்ணிபட்ட பாடல்லவா? பூதக்கண்ணாடியை நானே பிடித்தேன்.

தகப்பன் என்று அவர் நம்பியவருடைய சாசனத்தில் மூத்தவனுக்குக் கப்பல், மகளுக்கு வீடு, சமையற்காரிக்குக் கட்டில். நோர்வேக்கு வந்தவரின் பெயரே இல்லை.

"சமையல்காரியைக்கூட நினைச்சிருக்கிறார், தவா. இனி நாங்கள் ஆரின்ரை பிள்ளையள் எண்டு சொல்லுறது?" என்று கிழவர் அழுதார்.

"கடதாசி முடிஞ்சிருக்கும், ஐயா," என்றேன். பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் வைத்தேன்.

அம்மா, நான் இல்லாமல் இந்த நாடு நடக்காதென்று எனக்கு இன்னும் பயணப் பத்திரம் தருகிறார்களில்லை. இந்த வருடமும் வர இயலாது. உங்கள் சாசனம் எழுத நொத்தாரிசு வருவதாகத் தங்கச்சி அறிவித்தாள். வீடும் வளவும் அவளுக்கே எழுதுங்கள், அதுதான் முறை. எனக்கு ஒன்றும் வேண்டாம். நோர்வேயில் ஒரு மகன் இருக்கிறான் என்று ஒரு வரி மட்டும் போடச் சொல்லுங்கள். நொத்தாரிசு சிரித்தால் சிரிக்கட்டும். என் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்துப் போடட்டும்.

பஸ் வந்துவிட்டது.

மகன்
தவராசா