மூன்றாவது சுற்றுக்குப் போன தண்ணீர்

ஸ்வோபோடா, நெப்ராஸ்கா
1971 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை

அன்பு மகள் மார்சிக்கு,

உன் சித்தப்பா எமில் எழுதிக்கொள்வது. நீ அங்கே அலாஸ்காவில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடும் பனியோடும் கரடியோடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் சித்தியும் சுகம், மாடுகள் பதினெட்டும் சுகம், வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீடு நிற்பதையெல்லாமா எழுதுவார்கள் என்று நீ கேட்பாய், கேள், அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் முழுக்குப் போட்டவன், பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பாதே, போன தடவை அனுப்பினாய், சித்தி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினாள்.

சித்தியின் கால் உனக்குத் தெரியும், ஜூன் மாதம் ஊறுகாய் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் சறுக்கினாளே, ஜாடி ஒன்றுகூட உடையவில்லை, கால்தான் உடைந்தது. இடுப்புவரைக்கும் மாவுக்கட்டு, இந்த மாதம் இருபதாம் தேதி வெட்டி எடுப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்தே, ஊர்த் திருவிழாவில் நம் தீயணைப்புப் படைக் கடைக்காகப் பதினான்கு டஜன் கொலாச் இனிப்பு ரொட்டி சுட்டாள், பாதி கசகசா, பாதி பிளம் பழம், பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. அதில் ஒன்பது நானே தின்றேன் என்று தீவனக் கடை வென்சில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பாதே, ஏழுதான். மழை மட்டும் இல்லை. ஜூன் பத்துக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை, சோள இலை சுருட்டு மாதிரிச் சுருண்டு நிற்கிறது, பைபிளில் எகிப்துக்கு வந்த பஞ்சம்கூட இவ்வளவு காய்ந்திருக்காது. என் தக்காளி மட்டும் பூசணி அளவுக்குக் காய்த்திருக்கிறது, அது வேறு விஷயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்கள் யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும், ஊரில் எல்லோருக்கும் கை அரிக்கிறது. போன சனிக்கு முந்தின சனிக்கிழமை திருவிழா. பிற்பகல் நீர்ச்சண்டை. எதிரி வழக்கம்போல பெர்க்டால் ஊர்ப் படைதான். கம்பியில் காலி பீர் பீப்பாய் தொங்குகிறது, இந்தப் பக்கம் நாம் நான்கு பேர், அந்தப் பக்கம் அவர்கள் நான்கு பேர், குழாய்த் தண்ணீரை அடித்தே பீப்பாயை எதிரி முனைக்குத் தள்ள வேண்டும். குழாய் முனையைப் பிடிப்பவன் இருபத்திரண்டு வருஷமாக நான்தான், இந்த மாவட்டத்தில் என் குறிக்கு ஈடு கிடையாது, ஒருமுறை பறக்கிற கொசுவின் தொப்பியைத் தட்டிவிட்டேன். இந்த வருஷம் வறட்சி என்பதால் ஊர்த் தொட்டித் தண்ணீரைத் தொடக்கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள், அவரவர் வண்டியில் உள்ள தண்ணீரை வைத்து அவரவர் அடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெர்க்டால்காரன் இரண்டு வண்டி கொண்டுவந்திருந்தான். ஒன்று விளையாட, இன்னொன்று மூடிகூடத் திறக்காமல் மேப்பிள் மரத்தடியில் நிறைந்து நின்றது. நம்மிடம் இருப்பதே ஒன்று.

முதல் சுற்று நாம் ஜெயித்தோம், இரண்டாவது அவர்கள். நம் படைத் தலைவன் வென்சில், தீவனக் கடைக்காரன்தான், வண்டியின் அளவுக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, போதும்டா எமிலு, கால் பாகம்தான் மிச்சம், ஆளுக்கு ஒண்ணுன்னு சமமா முடிச்சுக்கலாம், வண்டிய நிரப்பப் போவோம் என்றான். நானும் சரி என்றுதான் இருந்தேன். அப்போது பெர்க்டால் தலைவன் ஓட்டோ, அந்தப் பீட்ரூட் மூஞ்சி, கூட்டம் அத்தனையும் கேட்கும்படி, என்னப்பா ஸ்வோபோடா, தண்ணி தீந்துபோச்சா, வேணும்னா எச்சில் துப்பி விளையாடுறீங்களா, நாங்க காத்திருக்கோம் என்றான். மார்சி, நீயாக இருந்தாலும் சும்மா இருப்பாயா? மூன்றாவது சுற்று என்று கத்தியது நான்தான். வென்சில் மறுபடி வேண்டாம் என்றான். நீ தீவனம் விக்கப் போடா, குழாய எங்கிட்ட விடு என்றேன். அவன் முகம் சுண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் தண்ணீரை அடித்தேன்.

சைரன் ஊதியபோது தண்ணீர் குழாய் முனையில் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. எவனோ குடித்துவிட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டான் என்று கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீ போன் நம் வீட்டோடு சேர்த்து ஐந்து வீடுகளில் இருக்கிறது, யாராவது நெருப்பு என்று கூப்பிட்டால் ஐந்திலும் ஒன்றாக மணி அடிக்கும், எடுக்கிற பெண்பிள்ளை விவரம் கேட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினால் ஊரில் சைரன் ஊதும். அன்றைக்கு மற்ற நான்கு வீட்டுக்காரிகளும் திருவிழாவில் என் கண்முன்னே நின்றுகொண்டிருந்தார்கள். மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தது சித்தி ஒருத்திதான். வென்சில் படைக் கொட்டகைக்கு ஓடி அங்குள்ள போனை எடுத்து, எங்கே நெருப்பு லிப்பி என்று கேட்டான். பக்கத்தில் நின்ற என் காதில் சித்தி குரல் விழுந்தது. இங்கதான், நம்ம மேற்கு மேய்ச்சல்ல, பக்கத்துப் பண்ணை ஜெர்ரியோட வைக்கோல் கட்டுற மிஷின்லேருந்து பத்திக்கிச்சு, காத்து வீட்டப் பாத்து அடிக்குது, சீக்கிரம் வாங்க, எமில்கிட்ட சொல்லு வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லி, பாலத்துல உருட்டிடப் போறான் என்றாள். ரொட்டி வாங்கி வரச் சொல்கிற குரல்தான், கூடக் குறையக் கிடையாது. நின்று தண்ணீர் நிரப்ப நேரமில்லை, அப்படியே கிளம்பினோம்.

நம் வண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொட்டி நிறைந்திருந்தால் அது வளைவில் சினைமாடு மாதிரி ஆடும், தண்ணீர் உள்ளே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மோதுவது முதுகெலும்பில் தெரியும், இரண்டு கையாலும் சக்கரத்தை மல்லுக்கட்டிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அந்த நான்கு மைலும் வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. பாலத்து வளைவில் ஒரு விரலால் திருப்பினேன். என் ஆயுளில் அவ்வளவு அழகாக நான் வண்டி ஓட்டியதில்லை, இனி ஒருபோதும் அப்படி ஓட்ட வேண்டாம். வண்டிமேல் ஆறு பேர் நிற்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வென்சில் அளவுக் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. மேற்கே புகை எழும்பி நிற்கிறது, நம் காற்றாலையின் தலை மட்டும் தெரிகிறது. நான் பல கதை சொல்லுகிறவன், நீயே சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து இதெல்லாம் பொய்தானே சித்தப்பா என்று கேட்டிருக்கிறாய். இந்த நான்கு மைலை மட்டும் எப்படிச் சொன்னாலும் பெரிதாக்க முடியவில்லை, அது தானாகவே போதுமான அளவுக்குப் பெரிதாக இருந்தது.

கடைசி மைலில் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு வண்டி நம்மைத் தாண்டிப் போனது. பெர்க்டாலின் அந்த நிறைந்த வண்டி. ஓட்டோதான் ஓட்டினான். நம் ஆட்கள் கிளம்புவதைப் பார்த்ததும் பின்னாலேயே கிளம்பியிருக்கிறான், வா என்று யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் கிளப்பிய புழுதி என் வாயெல்லாம், அந்தப் புழுதியைப் போல ருசியான ஒன்றை நான் தின்றதில்லை, உன் சித்தியின் கொலாச்கூட அப்புறம்தான்.

நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போது கோழிக் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது, வைக்கோல் போர் போய்விட்டது, பிளம் வேலி பட்டாசு மாதிரி வெடித்தது. ஓட்டோவின் ஆட்கள் ஏற்கெனவே வீட்டின் மேற்குச் சுவரில் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள், வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நம் ஆட்கள் சாக்குகளை மாட்டுத் தொட்டியில் முக்கி எடுத்துப் புல்லை அடிக்க ஓடினார்கள். நான் வீட்டுக்குள் ஓடினேன். சமையலறை முழுக்கப் புகை, சித்தி போன் பக்கத்தில் முக்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லிப்பி என்றேன். இரு, ஜெர்ரி பொண்டாட்டி லைன்ல இருக்கா, பிள்ளைகள கிழக்கால கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டிருக்கேன் என்று விரலை உயர்த்தி என்னை அடக்கினாள். அப்படியே தூக்கினேன். ஒரே கையால் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் எதற்கு, இரண்டு கையாலும்தான், நிலைக்கதவில் அவள் கட்டுக்கால் இரண்டு தடவை இடித்தது. போன் கம்பி அறுந்துபோகிறவரைக்கும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. முற்றத்தில் இறக்கியதும், அடுப்ப அணைச்சியா என்று கேட்டாள்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. போனது கோழிக் கொட்டகை, கோழிகள் பதினொன்று, போர், வேலி, முப்பது ஏக்கர் மேய்ச்சல். உன் அறை ஜன்னல் திரை பழுத்துப் போயிருக்கிறது, உன் சாக்ஸபோனுக்கு ஒன்றும் இல்லை, ஊதினால் மட்டும் புகை வாசம் வருகிறது. ஆட்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஓட்டோ முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான், குத்தலாக ஏதோ சொல்லப் போகிறான் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஏம்ப்பா எமில், குடிக்கத் தண்ணியாவது இருக்கா உங்கிட்ட என்று மட்டும் கேட்டான். கிணற்றிலிருந்து இறைத்து, என் கையாலேயே கொடுத்தேன்.

வியாழக்கிழமை படையின் மாதக் கூட்டம். யாரும் என்மேல் குற்றம் எழுதிக் கொடுக்கவில்லை, வென்சில் பேச்சையே எடுக்காமல் ஹோஸ் வாங்குவது, பெயின்ட் அடிப்பது என்று பேசிக்கொண்டே போனான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. நானே எழுந்து நின்றேன். மூன்றாவது சுற்றுக் கேட்டது நான், வண்டியைக் காலி செய்தது நான், எரிய இருந்தது என் வீடானதால் கடவுள் நேராகவே கணக்கைத் தீர்த்தார், ஜெர்ரி வீடாக இருந்திருந்தால் நான் எந்த முகத்தோடு இங்கே நிற்பேன் என்றேன். வேறு ஏதேதோ நன்றாகப் பேச நினைத்தேன், அதோடு உட்கார்ந்துவிட்டேன். வென்சில் ரொம்ப நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். இனிமேல் ஒரு ஊர்த் திருவிழாவுக்கு இன்னொரு ஊரின் நிறைந்த வண்டி காவல் நிற்கும், ஓட்டோவோடு பேசியாகிவிட்டது. அடுத்த வருஷம் பெர்க்டால் திருவிழாவில் நம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கப் போகிறவன் நான், நாள் முழுக்க இறங்கக்கூடாது, குழாயைத் தொடக்கூடாது, பீரும் கிடையாது. எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். வெளியே வரும்போது வென்சில் முதுகில் ஒரு அறை விட்டு, கொசுவோட தொப்பியத் தட்டுறவனே, வா வீட்டுக்குப் போலாம் என்றான். அந்த அறையில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் சித்திக்கு இது எதுவும் தெரியாது. ஊர்க்காரர்கள் அவளிடம் சொல்லவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நேற்று ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து வாத்துக் கறியும் முட்டைகோஸும் சாப்பிட்டு முடித்தோம். அன்னிக்கு ஏன் லிப்பி வெளியே வரல, ஊன்றுகோல் பக்கத்திலதானே இருந்துச்சு என்று கேட்டேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எதுக்கு வரணும், நீ வண்டியோட வந்துட்டிருக்கேன்னு தெரியும்ல என்றாள். மார்சி, முப்பத்தொரு வருஷமாக இந்தப் பெண்பிள்ளையிடம் நான் சொன்ன கதைகளை அடுக்கினால் தானியக் குதிர் நிரம்பும், அதில் ஒன்றையும் அவள் நம்பியதில்லை. நம்பியது இந்த ஒன்றைத்தான். அதுதான் காலியாக இருந்தது. இனி மறைத்தால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. வண்டி காலி லிப்பி, தண்ணியெல்லாம் நீர்ச்சண்டையில விட்டுட்டேன், வென்சில் ரெண்டு தடவ வேண்டாம்னான், நான் கேக்கல, ஓட்டோ வராம இருந்திருந்தா என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் ஜன்னல் வழியே கரிந்த மேய்ச்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிவதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, சரி, மூணாவது சுத்து யாரு ஜெயிச்சா என்று கேட்டாள்.

என்னென்னவோ பதில் வாய்க்கு வந்தது, உனக்குத் தெரியும் என்னை. அவங்கதான் என்றேன். மாவுக்கட்டு மேசைக்காலில் தட்டத் தட்ட அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், கடைசியில் அது சிரிப்பா வேறு ஒன்றா என்று எனக்குத் தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன்மேல் எப்போதும் இருக்கும், காலுக்கு நல்ல கம்பளிக் காலுறை போடு, அடுப்புப் புகைக்குழாயை ஆள் வைத்துச் சுத்தம் செய்துகொள், சாப்பாட்டை விட்டுவிடாதே. மறக்காமல் ஓட்டோவின் மனைவிக்கு உன் அழகான கையெழுத்தில் ஒரு நன்றிக் கடிதம் எழுது, பெயர் ஹெடி, பெர்க்டால் என்று போட்டால் போதும் போய்ச் சேரும். என்னைப் பற்றி அதில் நல்லதாக நாலு வரி சேர்த்தால் குற்றமில்லை.

உன்னைப் பெறாமல் பெற்ற சித்தப்பா,
எமில் வோந்த்ரா
ஸ்வோபோடா ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை
(குழாய் பிடிக்க ஒரு வருஷம் தடை)